அனிமேஷன் படங்களில் எது ஓவர் பில்டப்? வாதிட உட்காரும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீட்டு மாடியிலோ கல்லூரி வகுப்பறையிலோ கூடிப் படம் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா இவ்வளவு கொண்டாட்டம்?" என்று மல்லுக்கு நிற்பவர்களுக்காக எழுதியது இது. சில படங்களின் முடிவு இதில் வெளிப்படும். பார்க்காதவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

"ஓவர்ரேட்டட்" என்றால் மோசமான படம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. பாதி சண்டை இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது. கிருஷ்ணகிரி மாம்பழ மண்டியில் நிற்கும் ஒருவருக்கு இது எளிதாகப் புரியும். அல்போன்சா நல்ல பழமா என்பது ஒரு கேள்வி, அதற்குச் சொல்லும் விலை தகுமா என்பது வேறு கேள்வி. பெங்களூராவை யாரும் தலையில் தூக்கிவைத்து ஆடுவதில்லை. ஆனால் கூழ் ஆலைக்கு லாரி லாரியாகப் போவது அதுதான். படத்திலும் நாம் அளப்பது தரத்தை மட்டுமல்ல, தரத்துக்கும் புகழுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. நல்ல படமும் ஓவர்ரேட்டட் ஆகலாம். சுமாரான படம் ஆகாமலும் போகலாம், யாரும் அதைப் பெரிதாகப் புகழாவிட்டால்.

ஆகவே வாதத்தைத் தொடங்குபவர் மூன்று விஷயங்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புகழ்ந்தது யார்: விமர்சகரா, விருதுக் குழுவா, கூட்டமா, கல்லாவா? எதற்காகப் புகழ்ந்தார்கள்: கதைக்கா, ஓவியத்துக்கா, பாட்டுக்கா? நீங்கள் பார்த்தது எந்த வடிவம்: எந்த மொழி, எந்தத் திரை? இந்த மூன்றும் இல்லாமல் "மொக்கை" என்று மட்டும் சொன்னால் எதிரணிக்குப் பதில் சொல்ல எதுவும் இருக்காது, குரலை உயர்த்துவதைத் தவிர.

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதம் என்றால் நூற்றுக்கு 95 மதிப்பெண்தானே?

அல்ல. அந்தச் சதவீதம், எத்தனை விமர்சகர்கள் "பார்க்கலாம்" என்ற பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு. நூறு பேரும் "பரவாயில்லை, பத்துக்கு ஆறு" என்று எழுதினாலும் 100 சதவீதம் வந்துவிடும். யாரையும் உறுத்தாத குடும்பப் படங்களுக்கு இந்த எண் ஏறுவது இதனால்தான். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் தூக்கி எறிந்த துணிச்சலான படம் 50இல் நிற்கும். மெட்டாக்ரிட்டிக் என்ற இன்னொரு தளம் விமர்சனங்களை மதிப்பெண்ணாக மாற்றி, எடைபோட்டுச் சராசரி எடுக்கிறது. ஐஎம்டிபி தளத்தில் இருப்பது பார்வையாளர் வாக்கு. ரசிகர் பட்டாளம் திரண்டால் அது எகிறும்.

வசூலை ஆதாரமாக நீட்டுபவருக்கு ஒரே பதில் போதும். உலக வசூலில் முதலிடத்தில் உள்ள அனிமேஷன் படம் 2025இல் வந்த "நேஜா 2". 200 கோடி டாலரைத் தாண்டியது, அதில் பெரும்பங்கு சீனாவிலிருந்தே. உங்கள் கூட்டத்தில் அதைப் பார்த்தவர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்தப் படம்தான் ஓவர்ரேட்டட்?

முதலில் 2019இன் "தி லயன் கிங்". 1994இல் வந்த கையோவியப் படம் 88 நிமிடம், மறு ஆக்கம் 118 நிமிடம். கூடிய அரைமணி நேரத்தில் கதை புதிதாக எங்கும் போகவில்லை. பெரிய குறை முகத்தில் இருக்கிறது. கையோவியத்தில் வில்லன் ஸ்காரின் ஒற்றைப் புருவம் உயர்ந்தாலே சூழ்ச்சி தெரிந்துவிடும். உண்மைச் சிங்கம் போலவே செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தபின் அந்தப் புருவத்துக்கு இடமில்லை. குரல் அழுகிறது, முகம் வெயிலில் படுத்திருக்கும் சிங்கம்போல் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தந்தைச் சிங்கம் முஃபாசா இறக்கும் காட்சியை இரண்டு படங்களிலும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒன்றில் குட்டியின் நெஞ்சு உடைவது தெரியும். மற்றொன்றில் ஒரு விலங்கு நடந்து போவது தெரியும். காதல் பாட்டைக் கவனித்தீர்களா? ஆங்கில வரியில் "இன்றிரவு" என்றே வருகிறது, திரையில் பகல் வெளிச்சம்.

ஆனால் இந்தப் படத்தைத் தாக்குபவர் ஒரு பொறியில் விழுவார். விமர்சகர்கள் இதைத் தூக்கிவைக்கவில்லை, ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஆதரித்தார்கள். 160 கோடி டாலருக்கு மேல் அள்ளியது கல்லாவில். அதனால் "பார்வையாளர் பணத்தால் மிகையாக மதிப்பிடப்பட்டது" என்று தலைப்பை இறுக்கிக்கொள்ளுங்கள். எதிரணிக்கும் சரக்கு உண்டு. தொடக்கத்தில் வரும் சூரிய உதயம் மட்டுமே கேமராவில் எடுத்தது, மற்ற அத்தனையும் கணினியில் உருவானது என்று இயக்குநர் ஜான் ஃபாவ்ரூவே சொல்லியிருக்கிறார். தொழில்நுட்பச் சாதனை என்ற தலைப்பில் இதை அசைப்பது கடினம்.

அடுத்து "ஃப்ரோசன்", 2013. இரண்டு ஆஸ்கர், ஊரெங்கும் நீல கவுன், பனி அரசி எல்சா படம் போட்ட பிறந்தநாள் கேக். குறை திரைக்கதையில். இளவரசன் ஹான்ஸ் கடைசியில் வில்லன் என்று திரும்புகிறானே, அதற்கு விதை எங்கே போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். படகிலிருந்து நீரில் விழுந்தபின், நாயகி ஆனா போய்விட்டாள், யாரும் அவனைப் பார்க்கவில்லை, அப்போதும் அவளை நினைத்துச் சிரிக்கிறான். நடிப்பவன் தனிமையில் எதற்கு நடிக்க வேண்டும்? இந்த ஒரு ஷாட் வில்லன் திருப்பத்தைப் பார்வையாளரை ஏமாற்றும் வேலையாக மாற்றிவிடுகிறது. இரண்டாவது, ஆனாவின் நெஞ்சில் பனி தைத்துவிட்டது, முடி வெளுக்கிறது, அவசரமாக உதவி தேடி வந்தால், ட்ரோல்கள் எனும் குட்டிப் பூதங்கள் முழுசாக ஒரு கல்யாணப் பாட்டுப் பாடி முடித்துவிட்டுத்தான் அவளைக் கவனிக்கின்றன.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். முதலில் எல்சாதான் வில்லியாக எழுதப்பட்டாள். "லெட் இட் கோ" பாட்டு கைக்கு வந்தபின் அவளது பாத்திரத்தையும் கதையையும் மாற்றினார்கள். ஒட்டுப்போட்ட தையல் தெரிவதற்கு அது காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். ஒரு பாட்டு கதையையே திருப்பிய வலுவுக்கும் அதுவே சான்று. எங்கள் தீர்ப்பு: பாட்டுக்குக் கிடைத்த புகழ் சரி, திரைக்கதைக்குக் கிடைத்தது அதிகம்.

"அப்", 2009. "முதல் பத்து நிமிடம்தான் படம்" என்பது எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் சொல்லும் வசனம். கார்ல், எல்லி தம்பதியின் வாழ்க்கையை வசனமே இல்லாமல் காட்டும் தொகுப்பு நாலரை நிமிட அளவுதான். அதன் பிறகு பேசும் நாய், பறவை, துரத்தல் என்று படம் இறங்குகிறது என்பது குற்றச்சாட்டு. கணக்குப் போட்டால் வில்லன் மன்ட்ஸின் வயதும் இடிக்கும். கார்ல் சிறுவனாக இருந்தபோதே அவர் புகழ்பெற்ற சாகசக்காரர். கார்லுக்கு 78 என்றால் அவர் தொண்ணூறைத் தாண்டி வாள்சண்டை போடுகிறார். இருந்தும் இந்தப் படத்தை ஓவர்ரேட்டட் பட்டியலில் நாங்கள் வைக்கமாட்டோம். பின்பாதியில் கார்ல் எல்லியின் சாகசப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டும் இடத்தில்தான் அந்த நாலரை நிமிடத்தின் கடன் வட்டியோடு அடைகிறது. முதல் பத்து நிமிடத்தை மட்டும் புகழ்பவர்தான் படத்தைப் பாதியில் விட்டவர்.

"யுவர் நேம்", 2016. வானம், மழை, ரயில் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கதையில் நாயகன், நாயகி இருவருக்கும் நடுவே மூன்று ஆண்டு இடைவெளி. இருவரும் மாறி மாறி மற்றவர் உடலில் எழுகிறார்கள், அதே கைபேசியில் நாட்குறிப்பு எழுதுகிறார்கள். தேதி, வருடம், கிழமை எதுவுமே கண்ணில் படவில்லையாம். கனவு போல் மங்கிவிடுகிறது என்ற சமாதானம் பாதிதான் தாங்கும். உணர்ச்சிக்கு முழு மதிப்பெண், கட்டமைப்புக்கு இல்லை.

"மினியன்ஸ்"? விடுங்கள். யாரும் தூக்கிவைக்காததை எப்படி இறக்குவது? காமெடி டிராக்கை மட்டும் வெட்டி ஒட்டி ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் என்ன வருமோ அது.

ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ படங்கள் தூக்கம் வரவைக்கின்றன. "ஸ்பிரிட்டட் அவே" ஓவர்ரேட்டட்தானே?

தூக்கம் வந்தது உண்மையாக இருக்கலாம். காரணம் வேறு. 2002இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்டது, 2003இல் ஆஸ்கர் என்று பட்டியல் போட்டுப் பில்டப் கொடுத்துவிட்டால், உட்காருபவர் அடுத்த திருப்பத்துக்காகக் காத்திருக்கிறார். அது வராது. இயக்குநர் மியாசாகி கதையை முழுதாக எழுதி முடித்துவிட்டு வரையத் தொடங்குபவர் அல்ல. ஸ்டோரிபோர்டு வரைய வரையத்தான் முடிவு உருவாகும். கைதட்டிக் காட்டி, இரண்டு தட்டுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தைத்தான் ஜப்பானியர் "மா" என்கிறோம் என்று அவரே விளக்கியிருக்கிறார். தாளம் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. தவிலில் அடி மட்டும் இருந்து இடைவெளி இல்லாவிட்டால் அது சத்தம்.

செய்முறை இது. தண்ணீர்மேல் ஓடும் ரயில் காட்சியை முதலில் கைபேசியில் 1.5 மடங்கு வேகத்தில் பாருங்கள். பிறகு இருட்டறையில் சரியான வேகத்தில் பாருங்கள். இரண்டாவது முறையும் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றினால் உங்கள் வாதம் நேர்மையானது, தாராளமாக மேடையேறலாம். முதல் முறையோடு நிறுத்தினால் நீங்கள் விமர்சிப்பது படத்தை அல்ல, கைபேசியை.

"ஸ்பைடர்வெர்ஸ்" வெட்டி வெட்டி ஓடுகிறது. இதற்கா ஆஸ்கர்?

முதலில் டிவியின் செட்டிங்கைப் பாருங்கள். படம் நொடிக்கு 24 ஃபிரேம். 2018இல் வந்த முதல் பகுதியில் நாயகன் மைல்ஸ் பல இடங்களில் நொடிக்கு 12 நிலைகளில்தான் அசைகிறான், ஒவ்வொரு நிலையும் இரண்டு ஃபிரேம் நிற்கும். காட்டில் ஊஞ்சலாடும் காட்சியில் அனுபவசாலியான பீட்டர் 24இல் வழுக்கிப் போக, பழகாத மைல்ஸ் 12இல் தடுமாறுவான். தேர்ச்சி இல்லாததை வசனமில்லாமல் சொல்லும் உத்தி அது. புது டிவிகளில் இருக்கும் மோஷன் ஸ்மூத்திங் இடையிடையே போலி ஃபிரேம்களைச் செருகி இதைக் கெடுத்துவிடும். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் இருக்கும். அணைத்துவிடுங்கள், அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் போடுங்கள். கையோவியப் படங்களுக்கும் இதே மருந்துதான்.

ஓரங்களில் நிறம் பிசகித் தெரிவதும் கோளாறல்ல. மலிவு அச்சில் வந்த காமிக்ஸில் மை விலகியதைப் போல வேண்டுமென்றே செய்தது. இவ்வளவும் தெரிந்தபின் "கண் வலிக்கிறது" என்றால், அது செல்லுபடியாகும் குறை.

"கோச்சடையான்", "அவதார்" எல்லாம் இந்த வாதத்தில் வருமா?

விதியை முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் அரைமணி நேரம் இதிலேயே போய்விடும். ஆஸ்கர் விதியைக் கடன் வாங்கலாம். 40 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஓடும் நேரத்தில் குறைந்தது 75 சதவீதம் அனிமேஷனாக இருக்க வேண்டும், நடிகரின் அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் மட்டும் இருந்தால் போதாது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014இல் வந்த கோச்சடையான் அந்த உத்தியையே நம்பி எடுத்தது. சேர்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் அதை யாரும் மிகையாக மதிப்பிடவில்லை என்பதால் தலைப்புக்கே பொருந்தாது. விதி எவ்வளவு வழுக்கும் என்பதற்கு லயன் கிங்கே சாட்சி: கோல்டன் குளோப் அதை அனிமேஷன் பிரிவில் பரிந்துரைத்தது, ஆஸ்கரில் அது விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் நின்றது.

"மகாவதார் நரசிம்மா"வைக் குறை சொன்னால் சாமி குத்தம் என்கிறார்கள். என்ன செய்வது?

கதையையும் கைவேலையையும் பிரித்துப் பேசுங்கள். அஸ்வின் குமார் இயக்கி 2025 ஜூலையில் வந்த இந்தப் படம், இந்திய அனிமேஷனில் அதுவரை இல்லாத வசூல் பார்த்தது. தூணைப் பிளந்து வருவது எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தப் பக்கத்துத் தெருக்கூத்துப் பார்வையாளருக்கு இதில் குழப்பமே இருக்காது. துரியோதனன் படுகளத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. "தெரிஞ்ச கதைதானே" என்று யாரும் பாயைச் சுருட்டுவதில்லை. திரைக்குப் பின்னால் நின்று வேஷம் எப்படிப் பாடி வருகிறது, அடவு எப்படி விழுகிறது என்று பார்ப்பார்கள். அதே கண்ணால் பாருங்கள். கூட்டக் காட்சிகளில் உருவங்கள் ஒரே மாதிரி அசைகின்றனவா? கால் தரையில் அழுந்துகிறதா, வழுக்குகிறதா? துணியும் முடியும் உடலோடு சேர்ந்து அசைகின்றனவா? கடைசிப் போருக்குக் கொடுத்த உழைப்பு முன்பாதி உரையாடல்களுக்கும் கிடைத்திருக்கிறதா? இப்படிக் கேட்டால் பக்தரும் சேர்ந்து பேசுவார்.

தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு வாதிடலாமா?

தாராளமாக. ஆனால் அதைச் சொல்லிவிடுங்கள். 2019 லயன் கிங்கின் தமிழ் வடிவத்தில் ஸ்காருக்கு அரவிந்த் சுவாமி, சிம்பாவுக்கு சித்தார்த், பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி. சிரிப்பு வந்த இடம் எழுத்தால் வந்ததா, அந்தக் குரலால் வந்ததா என்று பிரிக்க வேண்டும். அசையாத முகத்துக்கு இந்தக் குரல்கள் கொஞ்சம் உயிர் கொடுத்துவிட்டன என்பதே எங்கள் கருத்து. ஓசூர்க் கூட்டங்களில் ஒருவர் கன்னடத்தில், ஒருவர் தெலுங்கில், ஒருவர் ஆங்கிலத்தில் பார்த்திருப்பார். மொழி வேறானால் பாட்டு வரி, நகைச்சுவை இரண்டையும் வாதத்திலிருந்து எடுத்துவிட்டு, ஓவியம், அசைவு, காட்சி வரிசை மூன்றோடு நில்லுங்கள்.

சிறுவயது ஏக்கமும் ஒரு டப்பிங்தான். சுட்டி டிவி 2007இல் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர் அந்தக் காலத்துக் குரலுக்குப் பத்து மார்க் கூடப் போடுவார். குற்றமில்லை, கழித்துக்கொண்டால் போதும்.

"குழந்தைங்க படம், அதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?"

குழந்தைக்குச் செய்யும் சோற்றில் கல் இருக்கலாமா?

வாதத்தை எப்படி நடத்துவது?

ஒரு படம், ஒரு தலைப்பு. "டிஸ்னி ஓவர்ரேட்டட்" மாதிரித் தலைப்பு எடுத்தால் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புவீர்கள். "ஃப்ரோசனின் திரைக்கதை அதன் புகழுக்குத் தகாது" என்று வையுங்கள். அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கு 6 நிமிடம். அணிக்கு மூன்று துண்டுக் காட்சிகள், ஒவ்வொன்றும் 2 நிமிடத்துக்குள். அதன்பின் கூட்டத்திலிருந்து 20 நிமிடம் கேள்வி, கடைசியில் ஆளுக்கு 2 நிமிடம் பதில். மொத்தம் 80 நிமிடத்துக்குள் முடியும். படத்தை அன்றே திரையிட்டால் நடுவில் 15 நிமிடம் தேநீருக்கு விடுங்கள். பார்த்த சூட்டில் பேசுபவர் பேசுவது படத்தை அல்ல, தன் கண்ணீரை.

வாக்கெடுப்பு இரண்டு முறை, வாதத்துக்கு முன்னும் பின்னும். எத்தனை பேர் பக்கம் மாறினார்கள் என்பதுதான் வெற்றி. எடுத்துக்காட்டு: 34 பேரில் முதலில் 22 பேர் "ஓவர்ரேட்டட்", 12 பேர் "இல்லை". முடிவில் 19, 15. எண்ணிக்கையில் தோற்றாலும் மூன்று பேரைத் திருப்பிய "இல்லை" அணிதான் ஜெயித்தது. முன்வாக்கு எடுக்காமல் விட்டால், நண்பர்களை அதிகம் கூட்டிவந்தவர் ஜெயிப்பார். படம் பார்க்காதவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு, வாக்கு இல்லை. சீட்டுக்குப் பதில் புளியங்கொட்டையும் மொச்சைக்கொட்டையும் போதும். இந்தப் பக்கம் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

துண்டுக் காட்சிகளை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். சுருக்கி அனுப்பும், ஓவியக் கோடுகள் குழம்பிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

திரையிட என்ன வேண்டும்?

30, 40 பேருக்கு 100 அங்குலத் திரை போதும். அகலம் 2.2 மீட்டர் வரும். புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 2.2ஐ அதனால் பெருக்குங்கள்: 3.3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். 3,000 லூமென் இருந்தாலும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டாமல் பகலில் போட்டால் இருட்டுக் காட்சிகள் சாம்பலாகிவிடும், ஓவியரைத் திட்டுவீர்கள். வசனம் கேட்காமல் இசை மட்டும் அலறினால் ஆறு ஸ்பீக்கருக்கான 5.1இல் ஒலி ஓடிக்கொண்டு, ஸ்பீக்கர் இரண்டு மட்டும் இருக்கிறது என்று பொருள். பிளேயரில் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

வீட்டு ஓடிடி சந்தா வீட்டுக்கு மட்டும். மண்டபத்தில் ஊரைக் கூட்டிப் போட உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். கல்வி நிறுவனங்கள் தங்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்குத் திரையிட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. கல்லூரி மன்றமாக நடத்துவது இதனால்தான் வசதி.

எல்லாவற்றையும் இறக்கிவிட்டோம். ஏற்றிவைக்க ஏதாவது உண்டா?

மூன்று. பிராட் பேர்டின் "தி அயர்ன் ஜயன்ட்", 1999. வந்தபோது கல்லா நிரம்பவில்லை. ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து 1990களில் செய்த ராமாயண அனிமேஷன், 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் புது டப்பிங்கோடு இங்கே திரையரங்குக்கு வந்தது. போர்க்களத்தில் கூட்டத்தை வரைந்த விதத்துக்காகவே பார்க்கலாம். மூன்றாவது லாட்வியாவின் பூனைக் கதை "ஃப்ளோ", 2024: 85 நிமிடம், ஒரு வார்த்தை வசனம் கிடையாது, டப்பிங் தகராறும் கிடையாது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்து 2025இல் ஆஸ்கர் வாங்கியது. அதே மென்பொருளைத் தருமபுரியில் இருக்கும் மாணவரும் இன்றிரவே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பழைய மடிக்கணினியில் பூனையின் வாலை ஆட்டுவதற்கே ராத்திரி போய்விடும். அடுத்த நாள் கூட்டத்தில் "அசைவு சரியில்லை" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தணியும்.